இடம் பிடிக்கும் மூலக்கூறு: மேகநாத் சாஹாவின் கதை

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், கூடுவாஞ்சேரி)



தெர்மல் பாடத்தில் நாம் எல்லோரும் உருப்போட்ட சூத்திரம் ஒன்று உண்டு. பி.வி. = எம்.ஆர்.டி. அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் வரும் என்கிற அதேதான். இதை வைத்து மார்க் வாங்காதவர் நம்மில் யாருமில்லை. ஆனால் அந்தப் பாடத்தின் முதல் வரியிலேயே இது ஐடியல் கேஸுக்கு மட்டும் என்று போட்டிருக்கும். தமிழில் நல்லியல்பு வாயு. அப்படி ஒரு வாயு உலகத்தில் எங்கே இருக்கிறது? எங்கேயும் கிடையாது! அதன் மூலக்கூறுகளுக்குச் சொந்தமாக இடமே தேவையில்லை. ஒன்றை ஒன்று இழுப்பதும் இல்லை. கணக்குக்குச் சுலபம் என்று மனிதன் கற்பனை செய்து வைத்த வாயு அது.

நிஜ வாயுவில் ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்தை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று 1918-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை லண்டனில் வெளிவந்த பிலசாபிகல் மேகசின் என்ற இதழில் அச்சானது. எழுதியவர்கள் கல்கத்தாவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள். இருவருக்கும் வயது இருபத்தைந்துக்குள். ஒருவர் சத்யேந்திரநாத் போஸ். இன்னொருவர் மேகநாத் சாஹா. போஸைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைத்தது சாஹாவைப் பற்றி. காரணம், அவர் ஒரு மளிகைக்கடைக்காரரின் மகன்.

மேகநாதன் என்றால் நம்ம ஊரில் இந்திரஜித்தின் பெயர். இடியும் மழையுமாக இருந்த நாளில் பிறந்ததால் இந்தப் பெயர் வைத்தார்கள் என்று சொல்வதுண்டு. பிறந்த தேதி 1893 அக்டோபர் 6. ஊர் சியோராதாலி. அப்போது டாக்கா மாவட்டம், இப்போது வங்காளதேசம். அப்பா ஜகந்நாத் சாஹா அந்தக் கிராமத்தில் சின்னதாக ஒரு மளிகைக்கடை வைத்திருந்தார். அம்மா புவனேஸ்வரி தேவி. எட்டுப் பிள்ளைகளில் மேகநாத் ஐந்தாவது. கிராமத்துப் பள்ளியோடு படிப்பு முடிந்தது என்றால், கடையில் உட்கார வேண்டியதுதான். அப்பாவின் எண்ணமும் அதுவே. அவரைக் குறை சொல்ல முடியாது. எட்டு வயிறு நிறைய வேண்டுமே!

ஆனால் பையன் நன்றாகப் படிக்கிறான் என்று பள்ளி ஆசிரியர்கள் விடவில்லை. அடுத்த பள்ளி சிமுலியா என்ற ஊரில், சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி. பஸ் பாஸ் கிடைக்கிற காலமா அது? தினமும் போய் வர முடியாது. அங்கேயே தங்கிப் படிக்கக் காசு கிடையாது. மூத்த அண்ணன் ஜெயநாத் அலைந்து திரிந்து அந்த ஊர் டாக்டர் அனந்தகுமார் தாஸைப் பிடித்தார். டாக்டர் தம் வீட்டிலேயே பையனுக்குச் சோறும் இடமும் தர ஒப்புக்கொண்டார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவ வேண்டும், மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அண்ணன் ஜெயநாத்துக்குச் சணல் ஆலையில் மாதம் இருபது ரூபாய் சம்பளம். அதில் தம்பிக்கு ஐந்து ரூபாய் அனுப்பினார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான் என்பதால் இந்த ஐந்து ரூபாயின் கனம் எனக்குக் கொஞ்சம் தெரியும். நம் செட்டிலேயே அண்ணன் அக்காவின் சம்பளத்தில் ஃபீஸ் கட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று பக்கத்து பெஞ்சில் கேட்டுப் பாருங்கள்.

மாடு மேய்த்துக்கொண்டே படித்த பையன் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தான்! மாதம் நாலு ரூபாய் உதவித்தொகையுடன் 1905-இல் டாக்கா காலேஜியட் பள்ளியில் சேர்ந்தான். அந்த வருஷம்தான் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிளந்தார். ஊரெங்கும் கொந்தளிப்பு. கவர்னர் புல்லர் பள்ளிக்கு வந்தபோது மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதில் இருந்தவர்களைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள். சாஹாவின் படிப்பும் போச்சு, உதவித்தொகையும் போச்சு. நல்ல வேளையாக கிஷோரிலால் ஜூபிலி பள்ளி என்ற தனியார் பள்ளி சேர்த்துக்கொண்டது. 1909-இல் நுழைவுத் தேர்வு எழுதி, கிழக்கு வங்காள மாணவர்களில் முதலிடம் பிடித்தார். பிறகு டாக்கா கல்லூரி. அங்கே ஜெர்மன் மொழியும் கற்றுக்கொண்டார். இந்த ஜெர்மனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1911-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி. ஜெகதீஷ் சந்திர போஸும் பிரஃபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். சத்யேந்திரநாத் போஸ் வகுப்புத் தோழர். இப்படி ஒரு வகுப்பு இந்தியாவில் மறுபடி அமையுமா என்பதே சந்தேகம். ஆனால் சாஹா தங்கிய ஈடன் இந்து விடுதியில் வேறு பாடம் நடந்தது. அவர் சாதி தாழ்ந்தது என்று சொல்லி, சாப்பாட்டுக் கூடத்தில் அவருடன் ஒன்றாக உட்கார மாட்டோம் என்றார்கள் சில மாணவர்கள். சரஸ்வதி பூஜையிலும் அவரைச் சேர்க்கவில்லை. படிப்புக்கான தெய்வம் சரஸ்வதி. அந்தக் கல்லூரியிலேயே கெட்டிக்கார மாணவர்களில் ஒருவர் இவர். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, கோபத்தால்தான். 1913-இல் பி.எஸ்சி., 1915-இல் எம்.எஸ்சி. இரண்டிலும் போஸ் முதலிடம், சாஹா இரண்டாமிடம்.

அடுத்து அரசாங்க நிதித்துறைப் பரீட்சை எழுதி நல்ல வேலைக்குப் போகலாம், குடும்பம் நிமிர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார். சுதந்திரப் போராட்டக்காரர்களோடு பழக்கம் உள்ளவர் என்று சொல்லி அனுமதி மறுத்துவிட்டார்கள். கல்கத்தாத் தெருக்களில் சைக்கிள் மிதித்து வீடு வீடாக டியூஷன் எடுத்தார். 1916-இல்தான் விடிந்தது. அசுதோஷ் முகர்ஜி புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் சாஹாவுக்கும் போஸுக்கும் ஆசிரியர் வேலை கொடுத்தார். முதலில் கணிதத் துறை, பிறகு இயற்பியல். தாங்களே முழுதாகப் படித்திராத வெப்ப இயக்கவியலை, ராத்திரி படித்துப் பகலில் நடத்தினார்கள்.

இனி வாயுவுக்கு வருவோம். கொஞ்சம் கணக்கு வரும், பயப்பட வேண்டாம்.

நம் வீட்டு கேஸ் சிலிண்டரையே எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது 14.2 கிலோ, பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 33 லிட்டர். அவ்வளவும் நல்லியல்பு வாயுவாக இருந்தால் என்ன ஆகும்? சாதாரண அழுத்தத்தில், நம்ம ஊர் வெப்பத்தில், அந்த 14.2 கிலோ ஏறக்குறைய 7,000 லிட்டர் வாயு. அதை 33 லிட்டருக்குள் அடைத்தால் அழுத்தம் 200 அட்மாஸ்பியரைத் தாண்ட வேண்டும். உண்மையில் உள்ளே இருப்பது பத்துக்கும் கீழேதான். ஏன்? மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று இழுப்பதால் வாயு திரவமாகிவிடுகிறது. எங்க அம்மா சிலிண்டரைச் சாய்த்து ஆட்டி, தளும்புகிற சத்தத்தை வைத்து இன்னும் ஒரு வாரம் வரும் என்று சொல்லுவாங்க. அந்தத் தளும்பல்தான் பி.வி. = எம்.ஆர்.டி. பொய்யாகிற சத்தம். நல்லியல்பு வாயு எந்தக் காலத்திலும் திரவமாகாது. கேஸை எடை போட்டு விற்பதற்கும் இதுவே காரணம். திரவம் கொஞ்சமாவது மிச்சமிருக்கும் வரை அழுத்தம் பெரிதாகக் குறையாது. பிரஷர் கேஜ் வைத்தால் ஏமாந்துபோவோம்.

சோடாக் கடை சிலிண்டரில் இன்னொரு வேடிக்கை. கார்பன் டை ஆக்சைடின் மாறுநிலை வெப்பநிலை 31 டிகிரி. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. மார்கழியில் சோடாக் கடை சிலிண்டருக்குள் திரவம் தளும்பும். செங்கல்பட்டுக் கத்திரி வெயிலில் அதே சிலிண்டர் 40 டிகிரியில் நிற்கும்போது உள்ளே திரவம் என்றும் வாயு என்றும் பிரிவே இருக்காது. திறந்து பார்க்க முடியாது என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

இதையெல்லாம் ஒரு சமன்பாட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவர் ஹாலந்து நாட்டு வாண்டர்வால்ஸ், 1873-இல். இவரும் ஒரு தச்சரின் மகன், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துகொண்டே படித்தவர். அவர் செய்தது இரண்டு திருத்தம். மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று இழுப்பதால் சுவரை மோதும் வேகம் குறைகிறது. அதற்கு ஏ என்று ஒரு திருத்தம். மூலக்கூறுகள் இடம் பிடிப்பதால் ஓடியாடக் கிடைக்கும் இடம் குறைகிறது. அதற்கு பி என்று ஒரு திருத்தம். இந்த பி என்பது மூலக்கூறுகளின் சொந்தக் கன அளவைப் போல நாலு மடங்கு.

ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடு, அதாவது 44 கிராம், அரை லிட்டர் பாத்திரத்தில், 27 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நம்ம பழைய சூத்திரப்படி அழுத்தம் 49 அட்மாஸ்பியர். வாண்டர்வால்ஸ்படி 39.5. நிஜத்தில் சுமார் 38. பத்து அட்மாஸ்பியர் வித்தியாசம் என்பது கொதிகலன் செய்கிறவனுக்கும் கம்ப்ரசர் செய்கிறவனுக்கும் சின்ன விஷயமா? நீராவிக் கணக்குக்கு ஸ்டீம் டேபிள் புத்தகத்தைப் பரீட்சை ஹாலுக்குள்ளேயே அனுமதிக்கிறார்களே, அதுவும் இதனால்தான். 1983-இல் கல்பாக்கத்தில் முதல் அணு உலை ஓடத் தொடங்கியபோது டர்பைனைச் சுற்றிய நீராவியும் நல்லியல்பு வாயு அல்ல. அந்த நிலையில் நீராவிக்குச் சூத்திரத்தை விட அட்டவணைதான் நம்பகம்.

ஆனால் வாண்டர்வால்ஸிலும் ஓட்டை இருந்தது. வாயுவை நெருக்க நெருக்க அவருடைய பி மாறாமல் இருப்பதில்லை. மாறுநிலைப் புள்ளியில் அழுத்தம், கன அளவு, வெப்பநிலை மூன்றையும் சேர்த்து ஒரு விகிதம் கணக்கிடுவார்கள். வாண்டர்வால்ஸ்படி எல்லா வாயுவுக்கும் அது 2.67 வர வேண்டும். சோதனையில் நைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் 3.4-க்கும் 3.7-க்கும் இடையில் நிற்கின்றன.

இங்கேதான் கல்கத்தா வாத்தியார்கள் இருவரும் நுழைகிறார்கள். அவர்கள் யோசனையை நம்ம செங்கல்பட்டு பீச் ரயிலை வைத்துச் சொல்கிறேன். செங்கல்பட்டில் காலிப் பெட்டியில் ஏறுகிற முதல் ஆளுக்குப் பெட்டி முழுக்க இடம். இரண்டாவது ஆளுக்கு ஓர் ஆள் இடம் குறைவு. சிங்கப்பெருமாள்கோயில், மறைமலைநகர், பொத்தேரி தாண்டி கூடுவாஞ்சேரியில் நாம் ஏறும்போது ஜன்னல் ஓரமா, நடுவா என்று தேர்ந்தெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. வாண்டர்வால்ஸ் எல்லாப் பயணிக்கும் பொதுவாக ஒரே இடத்தைக் கழித்தார். சாஹாவும் போஸும் ஒவ்வொரு மூலக்கூறாக உள்ளே விட்டார்கள். முதலாவதற்கு எத்தனை வாய்ப்பு, இரண்டாவதற்கு எத்தனை, கடைசி மூலக்கூறுக்கு எத்தனை என்று வரிசையாகப் பெருக்கி, போல்ட்ஸ்மேன் காட்டிய வழியில் என்ட்ரோபியைக் கண்டு, அதிலிருந்து அழுத்தத்தை எடுத்தார்கள். பதிலில் ஒரு மடக்கை வந்தது. இழுப்பு விசைக்கு டீட்ரிச்சி என்பவரின் முறையைச் சேர்த்தபோது அந்த விகிதம் 2.67-லிருந்து 3.5-க்குப் பக்கத்தில் போய் நின்றது. நிஜ வாயுக்களின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள்!

உட்கார இடம் மறுக்கப்பட்ட அந்தச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து இந்தக் கட்டுரைக்கு ஏழு வருஷ தூரம்கூட இல்லை. இரண்டையும் நானாக முடிச்சுப் போடுகிறேன் என்று நீங்கள் சொன்னாலும் சரி.

இதற்குள் ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சமன்பாட்டை இன்றைக்குத் தொழிற்சாலையில் யாரும் கையாளுவதில்லை. அங்கே ரெட்லிக் - குவாங் (1949), பெங் - ராபின்சன் (1976) என்று பின்னால் வந்தவைதான் ஓடுகின்றன. சாஹாவின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது வாயுவைப் பற்றிய அவருடைய அடுத்த யோசனை.

சூரியனும் வாயுதான். ஆனால் மேற்பரப்பிலேயே சுமார் 6,000 டிகிரி. அந்தச் சூட்டில் மூலக்கூறுகளின் இழுப்பு எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அடர்த்தியும் குறைவு. அப்படியானால் பழைய பி.வி. சூத்திரமே போதுமா? போதும், ஆனால் தலைகளை எண்ணுவதில் சிக்கல். அணு உடைந்து எலெக்ட்ரான் தனியாகக் கழன்றுகொள்கிறது. ஒன்று இரண்டாகிறது. எத்தனை உடையும், எத்தனை உடையாமல் இருக்கும்? நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மன் விஞ்ஞானியின் மாணவர் எகர்ட் என்பவர் 1919-இல் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரையை சாஹா படித்தார். டாக்காவில் படித்த ஜெர்மன் இங்கே கை கொடுத்தது! அணு உடைவதை ஒரு சாதாரண வேதிவினை மாதிரி வைத்து, ஒவ்வொரு தனிமத்திலிருந்தும் எலெக்ட்ரானைப் பிய்க்க ஆகும் ஆற்றலை உள்ளே போட்டார். வெப்பநிலையும் அழுத்தமும் சொன்னால் எத்தனை பங்கு உடைந்திருக்கும் என்று சொல்லும் சமன்பாடு வந்துவிட்டது. 1920-இல் அதே பிலசாபிகல் மேகசினில் அச்சானது.

இதில் நம்ம தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கொடைக்கானல் வானாய்வகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே சூரியனை கால்சியத்தின் கே என்ற கோட்டின் ஒளியில் படம் எடுத்து வந்தது. கால்சியம் என்றால் நம் சுண்ணாம்பில் இருப்பதுதான். சூரியனின் வெளி அடுக்கில் பல ஆயிரம் கிலோமீட்டர் உயரத்திலும் இந்தக் கோடு பளிச்சென்று தெரிந்தது. இது எலெக்ட்ரான் ஒன்றை இழந்த கால்சியத்தின் கோடு. அவ்வளவு உயரத்தில் ஏன் அது இழந்த நிலையில் இருக்கிறது? சூடு அதிகமென்பதால் என்று பலர் நினைத்தார்கள். அழுத்தம் குறைவதால் என்றார் சாஹா. அழுத்தம் குறைந்தால் பிரிந்த எலெக்ட்ரான் மறுபடி தன் அணுவைத் தேடி வந்து சேருவது கடினம், அவ்வளவுதான். சூரியப் புள்ளிகள் சுற்றுப்புறத்தை விடக் குளிர்ந்தவை. எனவே அங்கே ருபிடியத்தின் கோடுகள் தெரிய வேண்டும் என்றும் கணித்தார். அமெரிக்காவில் ரஸ்ஸல் தேடிப் பார்த்தார், இருந்தது! நட்சத்திரங்களின் நிறமாலையைப் பார்த்து வெப்பநிலையைச் சொல்லும் வழி இதிலிருந்து பிறந்தது.

1920-இல் லண்டன் போய் ஃபௌலரின் ஆய்வகத்திலும் பிறகு பெர்லினில் நெர்ன்ஸ்டிடமும் இருந்துவிட்டு வந்தார். 1923-இல் அலகாபாத் பல்கலைக்கழகம். பதினைந்து வருஷம் அங்கே. 1927-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். நோபல் பரிசுக்குப் பல முறை பெயர் போனது, கிடைக்கவில்லை. அலகாபாத்தில் இருந்தபோதுதான் ஸ்ரீவாஸ்தவாவுடன் சேர்ந்து வெப்பவியல் பாடநூல் எழுதினார், 1931-இல் வந்தது. இந்தியாவில் பல தலைமுறை மாணவர்கள் வாண்டர்வால்ஸையும் மாறுநிலையையும் படித்தது அந்தத் தடிமன் புத்தகத்தில்தான். ராத்திரி படித்துப் பகலில் நடத்திய ஆசிரியர் எழுதிய புத்தகம் என்பதால் அதற்கு என் மனதில் தனி மரியாதை.

1938-இல் மீண்டும் கல்கத்தா. அங்கே அணு இயற்பியல் நிறுவனத்தை உருவாக்கினார். பின்னால் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். தாமோதர் நதி வெள்ளத்தைக் கட்டுப்படுத்தத் திட்டம் எழுதினார். சின்ன வயதில் வெள்ளக்காட்டில் வளர்ந்தவர் அல்லவா! 1952-இல் சுயேச்சையாக நின்று மக்களவைக்கும் போனார். பிரதமர் நேருவின் அரசாங்கத்தை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். அதே வருஷம் அரசாங்கம் அமைத்த காலண்டர் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவர். ஊருக்கு ஊர் மாறும் முப்பது வகைப் பஞ்சாங்கத்தை உட்கார்ந்து ஒப்பிட்டு, நாடு முழுவதற்கும் ஒரு சக ஆண்டுக் காலண்டரை வகுத்தார்கள்.

1956 பிப்ரவரி 16 அன்று டில்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பில் விழுந்தார். வயது 62. அந்தக் காலண்டர் 1957 மார்ச் 22 அன்று, சக ஆண்டு 1879 சைத்ரம் முதல் தேதியாக நடைமுறைக்கு வந்தது. அவர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.